உண்மையிலேயே வாழ்ந்த பூனைகளின் கதை வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்ல

கதைசொல்லி_செங்கை:

எல்லோருக்கும் வணக்கம். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஒரு சின்ன வாசிப்பு அறை நடத்துகிறேன். மாமியார் வீட்டுத் திண்ணைதான், இரண்டு அலமாரி, ஒரு பெரிய பாய், அவ்வளவுதான் எங்கள் சொத்து. சனிக்கிழமை சாயங்காலம் பதினாலு பதினைந்து பிள்ளைகள் வருவார்கள், ஏழு வயசிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்.

இரண்டு வருஷமாக எங்களோடு ஒரு செவலைப் பூனை இருந்தது. பேரே செவலைதான். கதை ஆரம்பிக்கும்போது எங்கிருந்தாவது வந்து பாயின் நடுவில் படுத்துக்கொள்ளும், முடிந்ததும் எழுந்து உடம்பை நெளித்துவிட்டுப் போய்விடும். மூன்று வாரத்துக்கு முன்னால் காணாமல் போனது. யாரோ சாக்கில் போட்டுக் கட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. பிள்ளைகளும் நானும் இரண்டு நாள் சாயங்காலம் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தோம். வரவில்லை.

அதிலிருந்து பிள்ளைகள் பூனைக் கதைதான் கேட்கிறார்கள். சூடான பாலில் வாய் சுட்டு, அப்புறம் பாலைக் கண்டாலே ஓடிய தெனாலிராமன் பூனையைச் சொன்னேன். எட்டு வயசுப் பையன் ஒருத்தன் "அது நிஜப் பூனையா அக்கா?" என்று கேட்டான். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. டாமும் டோரேமானும் கார்ஃபீல்டும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு இப்போது வேண்டியது நிஜமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒரு பூனை. பேர் வேண்டும், ஊர் வேண்டும், வருஷம் வேண்டும்.

தேடினால் நிறைய வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மூன்று கப்பல் மூழ்கியும் சாகாத பூனை என்று ஒன்று, அது உண்மையா? பிள்ளைகளிடம் தப்பாக ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு ரொம்பக் கவனம். இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் கதைகளில் பாதி சோகமாகத்தான் முடிகிறது. செவலை போன இந்த நேரத்தில் அதையெல்லாம் சொல்லலாமா?

கடலோடி62:

வணக்கம்மா. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் இருந்தவன், இப்போது தூத்துக்குடியில் ஓய்வு. கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலைக் கரையில் கட்டும் வடத்தில் வட்டமாக ஒரு தகடு மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எலி வடத்தின் மேல் நடந்து கப்பலுக்குள் ஏறாமல் இருக்கத்தான் அது. அந்தக் காலத்துக் கப்பலில் எலி என்றால் சின்னத் தொல்லை இல்லை. அரிசி, ரொட்டி, பாய்த் துணி, கயிறு எல்லாவற்றையும் தின்றுவிடும், ஆறு மாதம் கரையே தெரியாத பயணத்தில் சாப்பாடு போனால் உயிர் போன மாதிரி. அதனால்தான் கப்பலுக்குக் கப்பல் பூனை இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் 1975இல்தான் சுகாதாரக் காரணம் சொல்லிப் பூனைகளை நிறுத்தினார்கள்.

நான் சொல்லப்போவது டிரிம். 1799இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'ரிலையன்ஸ்' கப்பலில், நடுக்கடலில் பிறந்தவன். கறுப்பு உடம்பு, நாலு பாதமும் வெள்ளை, மார்பில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. குட்டியாக இருக்கும்போதே கால் தவறிக் கடலில் விழுந்திருக்கிறான். விழுந்தவன் நீந்திக் கப்பல் பக்கமாக வந்து, மேலேயிருந்து போட்ட கயிற்றைப் பிடித்து ஏறி வந்துவிட்டான். நகரும் கப்பலில் தொங்குகிற நனைந்த கயிற்றில் ஏறுவது மனிதனுக்கே எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே அந்தக் கப்பல் அதிகாரி மேத்யூ பிளிண்டர்ஸ் மனசில் அவன் இடம் பிடித்துவிட்டான்.

பிளிண்டர்ஸ் சாதாரண ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவை முழுக்கச் சுற்றி வந்து கரை வரைபடம் போட்டவர். 1801இல் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கப்பலில் கிளம்பிய அந்தப் பயணத்தில் டிரிமும் கூடவே போனான். அதிகாரிகள் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் வந்து உட்காருபவன் அவன்தானாம். ஆனால் எல்லோருக்கும் பரிமாறி முடிகிற வரை வாய் திறக்க மாட்டான். அப்புறம் மெல்ல ஒரு சத்தம் கொடுத்து ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு வாங்கிக்கொள்வான். தராதவர் முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே காலால் தட்டி எடுத்துவிடுவான். பாய்மரத்தில் ஏறச் சொல்லி உத்தரவு வந்தால் மாலுமிகளுக்கு முன்னால் ஓடி ஏறுவான். எனக்கு ரொம்பப் பிடித்தது இது: நிலாவையும் நட்சத்திரங்களையும் அளந்து கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும்போது துல்லியமான கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். டிரிம் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நொடி முள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான், டிக் டிக் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பான், முள்ளைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டுவான். இதையெல்லாம் நான் கட்டவில்லை, பிளிண்டர்ஸே உட்கார்ந்து எழுதி வைத்தது.

எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் கதை. 1803 ஆகஸ்டில் இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் அவர்கள் ஏறியிருந்த 'போர்பஸ்' கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது. மாலுமிகளோடு டிரிமும் மணல் திட்டில் கிடந்தான். பிளிண்டர்ஸ் ஒரு திறந்த படகில் சிட்னி வரை போய் உதவி கொண்டுவந்து எல்லோரையும் காப்பாற்றினார். அப்புறம் 'கம்பர்லேண்ட்' என்று 29 டன் கொள்ளளவுள்ள ஓட்டைக் கப்பல் ஒன்றில் கிளம்பினார்கள். தண்ணீர் இறைத்தே கை ஓய்ந்து, பழுது பார்க்க டிசம்பரில் மொரீஷியஸில் ஒதுங்கினார்கள். அது அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மறுபடி சண்டை மூண்டது இவருக்குத் தெரியாது. கையில் இருந்த அனுமதிச் சீட்டோ பழைய கப்பலின் பேரில் இருந்தது. கவர்னர் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்துவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷத்துக்கும் மேல்.

டிரிமும் அந்தக் காவலில் கூடவே இருந்தான். பிறகு ஒரு பிரெஞ்சு அம்மா தன் சின்ன மகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவனைக் கேட்டார்கள். அங்கேயாவது நிம்மதியாக இருப்பான் என்று பிளிண்டர்ஸ் அனுப்பி வைத்தார். இரண்டு வாரத்தில் காணாமல் போய்விட்டான். தேடாத இடமில்லை. பசியில் வாடிய அடிமை யாராவது பிடித்துத் தின்றிருக்கலாம் என்றுதான் அவர் நினைத்தார். அந்தத் தீவில் மனிதர்களே அந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது.

1809இல், இன்னும் அந்தத் தீவிலேயே அடைபட்டுக் கிடக்கும்போது, அவர் டிரிமுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். ஊருக்குத் திரும்பி வீடு கட்டினால் தோட்டத்தின் ஒரு மூலையில் அவனுக்கு ஒரு நினைவுக்கல் வைப்பேன் என்று அதில் எழுதியிருக்கிறார். வைக்க முடியவில்லை. 1810இல் திரும்பினார், கல்யாணம் ஆன மூன்றே மாதத்தில் விட்டுப்போன மனைவியை ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்தார், 1814இல் நாற்பது வயசில் இறந்துபோனார். அந்தக் கையெழுத்துப் பிரதி கிரீன்விச் அருங்காட்சியகத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 1970களில்தான் புத்தகமாக வந்தது. 1996இல் சிட்னியில் நூலகக் கட்டடத்து ஜன்னல் விளிம்பில் டிரிமுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள், கீழே பிளிண்டர்ஸ் சிலை நிற்கிறது, அவருக்குப் பின்னால் ஜன்னலில் அவன்.

உங்கள் செவலை மாதிரியேதான்மா, இவனும் எங்கே போனான் என்று கடைசி வரை தெரியாது. அதனால்தான் இவனைச் சொன்னேன்.

இன்னொரு கப்பல் பூனையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 'அமெதிஸ்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இருந்த சைமன். 1948இல் ஹாங்காங் துறைமுகத்தில் ஒரு இளம் மாலுமி ஒளித்துக் கொண்டுவந்தது, தூங்குவது கேப்டனின் தொப்பிக்குள். 1949 ஏப்ரலில் யாங்சி ஆற்றில் குண்டடிபட்டுக் கப்பல் மாட்டிக்கொண்டது, கேப்டன் இறந்தார், சைமனுக்கும் உடம்பெல்லாம் காயம், மீசை கருகிவிட்டது. கொஞ்சம் தேறியதும் மறுபடி எலி பிடிக்கக் கிளம்பிவிட்டது. நூறு நாளுக்கு மேல் அந்தக் கப்பல் அங்கேயே கிடந்தது, சாப்பாட்டை எலியிடமிருந்து காப்பாற்றியது இந்தப் பூனைதான். விலங்குகளுக்கு வீரத்துக்காகக் கொடுக்கும் டிக்கின் பதக்கம் வாங்கிய ஒரே பூனை. இங்கிலாந்து வந்து சேர்ந்து, நோய்த்தடுப்புக் காவலில் இருக்கும்போது அந்த வருஷம் நவம்பரிலேயே இறந்துவிட்டது.

பழைய_நூலகர்:

கதைசொல்லி அம்மா, நீங்கள் கேட்ட 'மூன்று கப்பல்' பூனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதைப் பிள்ளைகளுக்கு நடந்த கதையாகச் சொல்ல வேண்டாம். 1941 மே மாதம் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' போர்க்கப்பல் மூழ்கியபோது 'கோசாக்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஒரு பூனையைத் தண்ணீரிலிருந்து தூக்கியது, அப்புறம் கோசாக்கும் மூழ்க, அந்தப் பூனை 'ஆர்க் ராயல்' என்ற கப்பலில் ஏறியது, அதுவும் மூழ்கியும் சாகவில்லை என்பது கதை. பிஸ்மார்க்கில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 115 பேர். அவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியது 'டார்செட்ஷையர்', 'மவோரி' என்ற வேறு இரண்டு கப்பல்கள். அதுவும் நீர்மூழ்கி வருகிறது என்ற பயத்தில் தண்ணீரில் தத்தளித்த மனிதர்களையே பாதியில் விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தது. அந்த நேரத்தில் இன்னொரு கப்பல் ஒரு பூனையைத் தேடி எடுத்தது என்பதை நம்புவது கஷ்டம். அந்தப் பூனை என்று காட்டும் படங்களிலும் வேறுவேறு பூனைகள் இருக்கின்றன. ஓவியம் ஒன்று அருங்காட்சியகத்தில் இருப்பது நிஜம், ஓவியம் இருப்பதாலேயே கதை நிஜமாகிவிடாது.

அதற்குப் பதில், ஒவ்வொரு நாளும் பல பேர் நாட்குறிப்பு எழுதிய ஒரு பயணத்திலிருந்து ஒரு பூனையைத் தருகிறேன். மிஸஸ் சிப்பி. 1914இல் அண்டார்டிகாவுக்குப் போன ஷாக்கில்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பலில், தச்சர் ஹாரி மெக்நிஷ் கொண்டுவந்த வரிப்பூனை. கப்பல் தச்சரை மாலுமிகள் 'சிப்பி' என்று கூப்பிடுவது வழக்கம். இது பெண்டாட்டி மாதிரி அவர் காலையே சுற்றிக்கொண்டு திரிந்ததால் 'மிஸஸ்' சிப்பி என்று பேர் வைத்துவிட்டார்கள். கடுவன் பூனை என்பது அப்புறம்தான் தெரிந்தது, பேர் மாறவில்லை. நாய்கள் கட்டிக் கிடக்கும் கூண்டுகளின் கூரை மேல் நிதானமாக நடந்து போகும், கீழே அத்தனை நாயும் குதித்துக் குலைக்கும், இது திரும்பியும் பார்க்காது. ஒரு ராத்திரி கடலில் விழுந்துவிட்டது, கப்பலையே திருப்பி எடுத்தார்கள்.

1915 ஜனவரியில் கப்பல் பனியில் உறைந்து மாட்டிக்கொண்டது. அக்டோபரில் பனி நெருக்கிக் கப்பலை நொறுக்க, எல்லோரும் இறங்கிப் பனிமேல் நடக்கவேண்டிய நிலை. 29ஆம் தேதி பூனையையும் பலவீனமான நாய்க்குட்டிகளையும் சுட்டுவிட ஷாக்கில்டன் உத்தரவிட்டார். மெக்நிஷ் அதை அவருக்குக் கடைசி வரை மன்னிக்கவில்லை.

இதில் எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். அந்த மெக்நிஷ்தான் பிறகு ஏழு மீட்டர்கூட இல்லாத 'ஜேம்ஸ் கெய்ர்டு' படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே பலகையும் கித்தானும் போட்டு, இடுக்கில் விளக்குத் திரியைத் திணித்து, சித்திரம் வரையும் எண்ணெய்ச் சாயத்தையும் கடல்நாய் ரத்தத்தையும் பூசி அடைத்தார். அதில் ஆறு பேர் 1,300 கிலோமீட்டர் கடந்து தெற்கு ஜார்ஜியாத் தீவுக்குப் போய் உதவி கேட்டதால்தான் 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். எல்லோருக்கும் துருவப் பதக்கம் கிடைத்தது, நாலு பேரைத் தவிர. அந்த நாலு பேரில் அவர் ஒருவர். ஒரு முறை பனியில் எதிர்த்துப் பேசினார் என்பது அவர் மேல் இருந்த குறை.

1930இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் கையில் ஒன்றும் இல்லாமல் இறந்துபோனார். ரொம்ப வருஷம் கல்லறையில் பேர்கூட இல்லை. 2004இல் அவர் கல்லறை மேல் வெண்கலத்தில், பூனையின் உண்மையான அளவிலேயே, படுத்திருக்கிற மாதிரி மிஸஸ் சிப்பியைச் செய்து வைத்தார்கள். பதக்கம் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.

சோகமானதைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சின்னப் பிள்ளைகளிடம் சுட்ட விஷயத்தை நான் சொல்ல மாட்டேன். பத்து வயசுக்கு மேல் இருப்பவர்களிடம் சொல்வேன். அவர்கள் ஷாக்கில்டன் செய்தது சரியா தப்பா என்று சண்டை போடுவார்கள், போடட்டும்.

ரயில்பயணி:

அக்கா, எல்லாக் கதையும் கண்ணீராக இருக்கிறது, நான் ஒரு நல்ல கதை தருகிறேன். ஜப்பானில் வாகயாமா பக்கம் கிஷி என்று ஒரு குட்டி ரயில் நிலையம். அந்தப் பாதையே மொத்தம் 14.3 கிலோமீட்டர்தான், கூட்டமில்லாமல் மூடப்போகிறார்கள் என்ற நிலைமை. 2006இல் வேறு ஒரு கம்பெனி எடுத்து நடத்த ஆரம்பித்து, செலவைக் குறைக்க நிலையங்களில் ஆளே இல்லாமல் ஆக்கினார்கள். நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்கார அம்மா வளர்த்த மூவண்ணப் பூனைதான் டாமா. அது படுத்திருந்த குடிசையை எடுக்கவேண்டி வந்ததும், நிலையத்திலேயே இருக்கட்டும் என்று அந்த அம்மா கம்பெனித் தலைவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் பூனையைப் பார்த்தார், 2007 ஜனவரியில் அதை ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்துவிட்டார். தலைக்கு அளவெடுத்துத் தைத்த தொப்பி, கழுத்தில் பதவிப் பட்டை, சம்பளம் பூனைத் தீனி.

அப்புறம் அந்த ஒரு பூனையைப் பார்க்க நாடு முழுக்க இருந்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். பாதை மூடப்படவில்லை. 2010இல் நிலையத்தைப் புதிதாகக் கட்டியபோது கூரையைப் பூனை முகம் மாதிரியே காதும் கண்ணும் வைத்துக் கட்டினார்கள், படத்தை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2015 ஜூனில் பதினாறு வயசில் இறந்தது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து வழியனுப்பினார்கள், நிலையத்துப் பக்கத்திலேயே அதற்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. நிடாமா என்ற இன்னொரு பூனை அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ஆனது. என் ஊருக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை நிறுத்தியபோது எங்களுக்கு ஒரு டாமா இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன்.

லண்டனில் பிரதமர் வீட்டில் லாரி என்ற பூனை 2011இலிருந்து இருக்கிறது, எலி பிடிக்க வைத்த பூனை. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த தெருப்பூனைதான் அதுவும். ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்மீன்_தேடி:

ஒருத்தி விட்டுப்போயிற்று. பெலிசெட். விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய ஒரே பூனை. லைக்கா நாயை எல்லோருக்கும் தெரியும், இவளைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, எனக்கு அது பல வருஷ ஆதங்கம்.

1963 அக்டோபர் 18, அல்ஜீரியாவின் சகாராவில் ஹம்மகீர் என்ற இடத்திலிருந்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெரோனிக் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். 150 கிலோமீட்டருக்கும் மேல் போய், சில நிமிஷம் எடையில்லாமல் மிதந்து, பாராசூட்டில் இறங்கினாள். மொத்தமே கால் மணி நேரத்துக்குள். 14 பூனைகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், எல்லாம் பெட்டைகள். பாசம் வந்துவிடக் கூடாது என்று பேரே வைக்கவில்லையாம், வெறும் எண்தான். அவளுக்கு சி 341. பேர் கிடைத்தது போய்வந்த பிறகுதான். அதிலும் பிறகு வந்த தபால்தலைகளில் பெலிக்ஸ் என்று ஆண் பேர் போட்டுவிட்டார்கள்.

மூளையை ஆராய்வதற்காக இரண்டு மாதம் கழித்து அவளைக் கொன்றுவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நூலகர் ஐயா சொன்ன மாதிரி வயசு பார்த்துச் சொல்லுங்கள். 2019 டிசம்பரில், பொதுமக்கள் கொடுத்த பணத்தில், பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் உள்ள சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குச் சிலை வைத்தார்கள். பூமிப் பந்தின் மேல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மல்லைக்காரன்:

செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்க அக்கா. அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற அந்தப் பெரிய பாறையில் ஒரு பூனை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பூனை. வருகிறவர்கள் யானையைப் பார்த்து நிற்பார்கள், யானையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள், பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். தவசி வேஷம் போட்டு எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் கைகள் எப்படித் தூக்கியிருக்கின்றனவோ அதே மாதிரிதான் பூனையின் கைகளும். இது நிஜப் பூனை இல்லை, உங்கள் பையன் கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் அதைச் செதுக்கியவன் ஒரு நிஜப் பூனையை ரொம்ப நாள் பார்த்தவன் என்று நான் அடித்துச் சொல்வேன், அந்த வயிற்றையும் இடுப்பையும் பாருங்கள். காலையில் எட்டு மணிக்குள் வந்தால் கூட்டம் இருக்காது.

கம்பரும் ராமாயணத்தைத் தொடங்கும்போது தன்னைப் பூனை என்றுதான் சொல்லிக்கொள்கிறார், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை. 'பூசை' என்பார், பூனைக்குப் பழைய பேர். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் முல்லை மொட்டைப் பார்த்துக் காட்டுப்பூனை சிரித்த மாதிரி இருக்கிறது என்று பாடியிருக்கிறார். ஒரு முல்லை மொட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

கதைசொல்லி_செங்கை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று சனிக்கிழமை, டிரிம் கதையைத்தான் சொன்னேன். கடலோடி ஐயா எழுதியதில் பாதியை அப்படியே வாசித்தேன். திண்ணைத் தூணில் தாம்புக்கயிறு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிட்டேன், ஏறிப் பாருங்கள் என்று. ஒருத்தராலும் முடியவில்லை, பெரிய பையன்களாலும்கூட. அதற்கப்புறம் டிரிம் மேல் அவர்களுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே.

காணாமல் போன இடம் வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடிமை என்றால் யார், அவருக்கு ஏன் சாப்பாடு இல்லை என்று ஒரு பெண் கேட்டாள், அதைச் சொல்லவே பத்து நிமிஷம் ஆனது. "அப்புறம் அவர் என்ன செஞ்சார்?" என்று அந்த எட்டு வயசுப் பையன் கேட்டான். உட்கார்ந்து எழுதினார் என்றேன். அவன் பைக்குள்ளிருந்து கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, செவலையைப் பற்றி நாமும் எழுதலாம் என்றான்.

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகச் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முன்னங்கால் ஒன்றில் மட்டும் கணுக்கால் வரை வெள்ளை. தயிர்சாதம் சாப்பிடும், ரசம்சாதம் சாப்பிடாது. மழை வந்தால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்விடும். குக்கர் விசில் அடித்தால் ஒரு காதை மட்டும் திருப்பும். பேய்க் கதை சொன்ன அன்றைக்கு எழுந்து போய்விட்டது. இதில் பாதி எனக்கே தெரியாது, இரண்டு வருஷம் என் கண் முன்னால்தான் இருந்தது.

ஒரு காது நுனி கிழிந்திருக்கும். அது இடது காதா வலது காதா என்பதில் பெரிய சண்டை. எட்டு பேர் இடது என்கிறார்கள், ஐந்து பேர் வலது. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடினோம். எதிர்வீட்டுப் பெரியம்மா போனில் பொங்கலுக்கு எடுத்த படம் ஒன்று இருக்கிறதாம், அதில் செவலை கோலத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் என்கிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பார்க்கப்போகிறோம். மல்லைக்காரன் தம்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் பதினாலு பேரோடு வந்துவிடுகிறேன், பூனை இருக்கிற இடத்தைக் கொஞ்சம் நின்று காட்டிவிடுங்கள்.